துரை போட்ட டீ

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட முகம் எதுவென்று கேட்டால் நான் அக்காவின் முகத்தைத்தான் சொல்வேன். எங்கள் தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை அட்டையில் அவர் இருந்தார். ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்தார். எங்களுக்கு உதவி அனுப்பும் நாட்டில், பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரின் ரயில் நிலையத்தில்கூட அவருடைய பெரிய படம் ஒன்றை ஒட்டியிருந்தார்களாம். அதைச் சொன்னபோது அக்கா கொஞ்சம் வருத்தப்பட்டார். "அந்தப் பழைய சேலையிலயா எடுத்தாவ? முன்னமே சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு கட்டியிருப்பேனே" என்றார்.

அவர் மீன் விற்கிறவர். ஆலந்தலைக்கும் பெரியதாழைக்கும் நடுவில் உள்ள ஒரு கடற்கரை ஊர். விடியும்போது கரையில் ஏலம் எடுக்கும் மீனை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, சாத்தான்குளம் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாக விற்றுவிட்டு, வெயில் உச்சிக்கு வந்த பிறகு வீடு திரும்புவார். நான் நாசரேத்துக்காரி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பேசுவதைத் தமிழிலும், ஊர்ப் பெண்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வதுதான் அந்த நிறுவனத்தில் என் வேலை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் கைப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்த பாவத்துக்கு அந்த ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவுக்கும் டீச்சர்தான்.

சுனாமியில் நாகப்பட்டினம், குளச்சல் அளவுக்கு எங்கள் கரைக்குச் சேதம் இல்லை. ஆனால் உதவி வந்தது. வந்து பழகிவிட்டதாலோ என்னவோ, பல வருடம் கழித்தும் வந்துகொண்டே இருந்தது. மெழுகுவர்த்தி செய்யப் பயிற்சி வந்தது. கம்பளி வந்தது. ஆடு வந்தது. கடைசியாகக் கருவாடு காயப்போடும் சூரியப் பெட்டி வந்தது. எது வந்தாலும் அக்கா வாயிலிருந்து வருகிற வார்த்தை ஒன்றுதான். "நல்லாருக்கு." கேட்கிறவர் ஆணோ பெண்ணோ, கிழவரோ, நேற்றுக் கல்லூரி முடித்தவரோ, அந்த வார்த்தையைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். அதற்காகவே எங்கள் இயக்குநர் வருகிறவர்களையெல்லாம் நேராக அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

எனக்கு இது ஆகாது. எங்கள் பக்கத்தில் மணி அடித்தால் கூட்டம் தொடங்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் வர வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். மெழுகுவர்த்திப் பயிற்சியில் என்ன நல்லாருந்தது? கொதிக்கிற மெழுகு கையில் பட்டுக் கொப்பளித்ததுதானே மிச்சம்? அக்கா என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அவிய அம்புட்டுத் தூரத்துலருந்து நம்ம வீட்டுக்கு வந்துருக்காவ. கொண்டாந்தத நல்லால்லன்னு மொகத்துக்கு நேரா சொல்லுததா? ஒங்க வீட்டுல அப்படித்தான் செய்வியளா டீச்சர்?"

எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். என் மாமியார் எடுத்துவந்த சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்று அவர் உட்காரும் முன்பே சொன்னவள் நான். அதனால் வந்த சண்டை வேறு கதை. ஆனால் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் வளர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றிருந்தது.

கம்பளி விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது மெய்யாகவே மெய். அந்தக் குளிர் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் சுற்றும் கம்பளித் துண்டுகளைப் பின்னி மூட்டை மூட்டையாக அனுப்பியிருந்தார்கள். மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற ஊர் அது. பெண்கள் அதை விரித்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா மட்டும் ஒன்றை எடுத்து வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் மீன் பாத்திரத்தை ஏற்றிப் பார்த்தார். துணிச் சும்மாடு என்றால் மீன் தண்ணீர் ஊறிக் கழுத்து வழியாக இறங்கும். கம்பளி தண்ணீரைக் குடித்துக்கொண்டது, தலைக்கும் மெத்தென்று இருந்தது. அந்த வாரமே ஊர்ப் பெண்கள் எல்லோர் தலையிலும் கம்பளிச் சும்மாடு. அடுத்த முறை வந்தவர்கள் கேட்டதற்கு அக்கா வாயார நல்லாருக்கு என்றார், அவர்களும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்டறிக்கை அட்டையில் வந்தது அந்தப் படம்தான். கடற்கரைப் பெண்களுக்குக் குளிரிலிருந்து பாதுகாப்பு என்று கீழே அச்சடித்திருந்தார்கள்.

வருகிறவர்களில் முக்கியமானவர் துரை. உதவி தரும் நிறுவனத்தின் அதிகாரி, வருடத்துக்கு ஒரு முறை வருவார். உயரமான மனிதர். ஜீப்பை விட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் வெயிலில் சிவந்துவிடுவார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லித் தோற்ற பிறகு, பெண்கள் சேர்ந்து துரை என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்தான். சாப்பிடக் கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார், குழந்தைகளைக் கண்டால் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

அவருக்குக் கண்ணும் கூர்மை. ஆடு கொடுத்த மறுவருடம் பார்க்க வந்தார். அந்த ஊரில் மணலையும் உடைமரத்தையும் விட்டால் ஆடு மேய ஒன்றும் கிடையாது. வந்த வாரமே அது பக்கத்து வீட்டு வலையைக் கடித்துக் குதறியதால், அக்கா அதைத் தன்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் சாத்தான்குளத்து வீடு ஒன்றில் கொண்டுபோய் விட்டிருந்தார். துரை வருகிறார் என்றதும் அக்கா ஆட்டைக் கேட்டு ஆளனுப்பினார். அவர்கள் வீட்டில் அதற்குள் என்ன நடந்ததோ, வேறு ஒரு ஆட்டை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். போன வருடம் கறுப்பாக இருந்ததே என்று துரை கேட்டார். "அது தாயி. இது அதோட புள்ள" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். துரை பிள்ளையைத் தடவிக் கொடுத்தார். அவர் போனதும் ஆடும் அதே ஆட்டோவில் ஊருக்குப் போனது.

துரைக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டப்பாவும் உண்டு. முதல் முறை வந்தபோது அவர் தன் நாட்டு பிஸ்கட்டை ஒரு வட்டத் தகர டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். மூடியில் ஒரு கோட்டையும் குளமும் வரைந்திருக்கும். மறுவருடம் அவர் வந்தபோது அக்கா அந்த டப்பாவை நெத்திலிக் கருவாட்டால் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. அன்று வாகைக்குளம் விமான நிலையம் வரை ஜீப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன எங்கள் இயக்குநர், அதை விமானத்தில் விடமாட்டார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். துரை கேட்கவில்லை. எப்படியோ கொண்டுபோய் வறுத்தும் தின்றிருக்கிறார். அதற்கடுத்த வருடம் டப்பாவில் பிஸ்கட் வந்தது. அப்படியே அது போவதும் வருவதுமாக இருந்தது.

இதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சூரியப் பெட்டி வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் அக்காவின் நாத்தனார்.

நாத்தனார் என்றால் அக்காவுடைய வீட்டுக்காரரின் தங்கை. பக்கத்து வீடுதான். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். அவரும் அக்காவைப்போலத் தலைச்சுமையாக மீன் விற்கிறவர். பஸ்ஸில் மீன் பாத்திரத்தை ஏற்ற விடமாட்டார்கள். நாற்றம் என்று மற்றவர்கள் சத்தம் போடுவார்கள், கண்டக்டர் விசில் ஊதி இறக்கிவிடுவார். அதனால் முக்கால்வாசி நாள் நடைதான். வருடக்கணக்காக ஏற்றிய சுமையில் அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து, வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. திருச்செந்தூர் டாக்டர் கழுத்துப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டு, இனிமேல் தலையில் சுமை ஏற்றினால் கை விளங்காமல் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். நாத்தனார் பட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மறுநாளும் மீன் விற்கப் போனார். வேறு என்ன செய்வார்? விற்று முடித்து ஊருக்குத் திரும்பிய பிறகு பட்டையை மாட்டிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் பெட்டிகள் வந்து இறங்கின. மரச் சட்டம், மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே தட்டுத் தட்டாக வலை. மணல் படாமல், ஈ மொய்க்காமல் கருவாடு காயும் என்றார்கள். காயும்தான். ஆனால் நல்ல விலை போகிற நாளில் யாரும் மீனைக் காயப்போட மாட்டார்கள். மீன் மிஞ்சுகிற நாளில் கூடை கூடையாக மிஞ்சும், பெட்டியில் ஒரு கூடைகூட முழுதாகக் கொள்ளாது. ஆடி மாதம் கச்சான் காற்று மணலை வாரி அடித்ததில் பாதிப் பெட்டிகளின் உறை கிழிந்து தொங்கியது. கிழியாமல் இருந்தது அக்கா வீட்டுப் பெட்டி. அதில் கோழி அடைகாத்தது. துரை வருகிற நாளில் அக்கா கோழியைத் தூக்கிக் கூடையில் கவிழ்த்துவிட்டு, பெட்டியைக் கழுவித் துடைத்து, சாளை மீனை அழகாக அடுக்கிவைப்பார். வந்தவர் மனம் கோணக் கூடாதாம்.

அந்த வருடம் துரை ஒரு முடிவோடு போக வேண்டியிருந்தது. பெட்டி பயன்படுகிறது என்றால் கரை நெடுக எல்லா ஊருக்கும் பெட்டி. பயன்படவில்லை என்றால் வேறு யோசிக்கலாம். பெண்கள் சங்கத்தில் அந்த வேறு என்னவென்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். மீன் பாத்திரங்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு சின்ன லோடு வண்டி. வண்டி வந்தால் நாத்தனார் தலையில் ஏற்றாமல் பிழைத்துக்கொள்வார். எங்கள் இயக்குநரோ இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். துரை எப்படியும் அக்காவைத்தான் கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சங்கத்துப் பெண்கள் மொத்தமாக அக்கா வீட்டுக்கு வந்து, இந்த ஒரு தடவை உள்ளதைச் சொல்லிவிடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். நானும் இருந்தேன். அக்கா தலையை ஆட்டினார். "சொல்லுதேன்" என்றார்.

துரை வந்தார். பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். வாசலில் நாற்காலி போட்டு, உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியைக் கையில் கொடுத்தார்கள். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். மீன் அடுக்கியிருந்த ஒழுங்கில் அவருக்கே ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். உட்கார்ந்து, நேராக அக்காவைப் பார்த்து, உங்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறதா, தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் சொல்லி, என் பங்குக்கு, "அக்கா, சொல்லுங்க" என்றும் சேர்த்தேன். நாத்தனார் கழுத்துப் பட்டையோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா துரையைப் பார்த்தார். வியர்வை ஒழுக, பாதி குடித்த டம்ளரோடு, தன் வாசலில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

நாத்தனார் விறுவிறுவென்று படியிறங்கினார். தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பை ஒரே சொல்லில் முடித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். இப்படியும் ஒரு பொம்பளையா என்று நாசரேத்து வரும்வரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். மரியாதை என்பது யாரோ ஒருவருடைய கையைவிடப் பெரிதா?

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தார். சங்கத்துப் பெண்கள் யாரும் பேசவில்லையாம். நாத்தனார் கதவைத் திறக்கவில்லையாம். வந்தவன் உனக்குப் பெரிது, நான் பெரிது இல்லை என்று உள்ளே இருந்தபடியே கத்தினாராம். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அக்கா கேட்டார்.

"டீச்சர், தொர ராத்திரி எங்கன படுப்பாவ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூத்துக்குடியில் எங்கள் ஆபீஸ் மாடியிலேயே ஓர் அறை இருக்கிறது, வந்தால் அதில்தான் தங்குவார் என்றேன்.

"அப்போ அது அவிய வீடுதான? நாளைக்கு நான் அங்கன வாரேன். நீங்களும் வந்துருங்க."

திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தபோது பக்கத்தில் நாத்தனாரும் நின்றார். நேற்றுச் சாத்திய கதவு எப்படித் திறந்தது என்று கேட்டேன். துரை வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னதும் திறந்துவிட்டாளாம். நாத்தனாருக்கு உடனே புரிந்த விஷயம், இத்தனை வருடம் அவர்களுக்கு நடுவில் நின்று பேசிய எனக்கு அப்போதும் புரியவில்லை.

அக்கா மடியில் பிஸ்கட் டப்பா. கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து, மீன் இருக்கா என்று கேட்டார். அக்கா மூடியில் இருந்த கோட்டையைக் காட்டி, "பிஸ்கோத்து" என்றார். ஆத்தூர்ப் பாலம் தாண்டி, முக்காணி தாண்டி, உப்பளங்கள் வரும்வரைக்கும் அவர் அந்த மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. நாத்தனார் பட்டை போட்ட கழுத்தைத் திருப்ப முடியாமல் எதிரே கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபீஸில் எங்களைக் கண்டதும் இயக்குநருக்கு முகம் மாறிவிட்டது. துரை ஊருக்குக் கிளம்புகிற நேரம். மாடியில் பயணப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர், அக்காவைப் பார்த்ததும் சந்தோஷமாக உள்ளே வரச் சொன்னார். அக்கா செருப்பை வெளியே விட்டார். காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று துரை கேட்டார். அக்கா பேசவில்லை. மறுபடியும் கேட்டார். அதற்கும் பேசவில்லை. இயக்குநர் பதறிப்போய், கீழே ஆளைக் கூப்பிட்டுக் கடையில் டீ வாங்கிவரச் சொன்னார். அக்கா தடுத்தார்.

"கடை டீ வேண்டாம். இது அவிய வீடு. அவிய குடுத்தாக் குடிக்கேன்."

அதைத் துரைக்குச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, கட்டிய பெட்டியை அவிழ்த்து எதையோ தேடி எடுத்தார். கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, நூல் கட்டிய டீத்தூள் பையை முக்கி, பால்பவுடரைக் கலக்கி, தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். கட்டி கட்டியாக மிதந்தது. அக்கா அதை மெதுவாகக் கடைசி வரை குடித்தார். நாத்தனாரும் குடித்தார். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"டீ நல்லால்ல" என்றார்.

இயக்குநருக்கு இருமல் வந்துவிட்டது. நான் எத்தனையோ பேச்சை மொழிபெயர்த்திருக்கிறேன். அவ்வளவு ஆசையாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. துரை தன் கோப்பையை மோந்து பார்த்தார். அது தனக்கும் தெரியும் என்றார்.

"அந்தப் பொட்டியும் நல்லால்ல" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. காற்றைச் சொன்னார். கொள்ளாத கூடையைச் சொன்னார். பெட்டிக்குள் இருக்கும் கோழியைச் சொன்னார். ஆட்டின் கதையையும் விடவில்லை. மடியில் இருந்த டப்பாவைத் திறந்து, நீங்கள் இவ்வளவு வருடம் தின்ற கருவாடு பூராவும் மணலில் காய்ந்ததுதான், இதுவும் அப்படித்தான் என்று துரையின் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள் என்றார். கடைசியில் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"இவளுக்கு இனிமே தலையில ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஏத்தாட்டா புள்ளையளுக்கு என்னத்தக் குடுப்பா? பொட்டிய நீங்களே வச்சிக்கிடுங்க. எங்க பாத்திரத்த ஏத்திட்டுப் போவ ஒரு வண்டி குடுங்க."

துரை வெகுநேரம் நாத்தனாரின் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நேற்று நான் இதைத்தானே கேட்டேன், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நேத்து நீங்க எங்க வீட்டுக்கு வந்துருந்திய. வந்தவியகிட்ட எப்படிச் சொல்லுவேன்? இன்னைக்கு நான் ஒங்க வீட்டுக்கு வந்துருக்கேன். வந்தவ சொன்னா வீட்டுக்காரவிய கேட்டுத்தான ஆவணும்."

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் துரை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எத்தனை குழுக்கள் வந்து, எத்தனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பியும் இளநீரும் குடித்துக்கொண்டு, எங்கள் திட்டம் எப்படி என்று கேட்டிருக்கின்றன. அந்தக் கரையில் எந்த வாசலில் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்.

வண்டி உடனே வந்துவிடவில்லை. வாகனம் வாங்கிக் கொடுக்க அவர்கள் விதியில் இடமில்லை என்றார்கள். வாடகைக்கு எடுத்துக் கொடுக்க இடம் இருந்ததாம். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை நாத்தனாரின் பாத்திரத்தை அக்கா தன் பாத்திரத்தின் மேல் அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். இது என்னடா நியாயம் என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும். அக்காவிடம் கேட்டால் கம்பளிச் சும்மாடு இருக்கிறது என்பார். கடைசியில் ஒரு குட்டியானை வண்டி வந்தது, பின்னால் ஐஸ் பெட்டியோடு. கரை நெடுக வைப்பதாக இருந்த சூரியப் பெட்டிகள் வரவில்லை.

துரை தன் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டார். தன் நாட்டுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பெண்களை மாடி அறைக்கு வரச் சொல்லுவார். ஒவ்வொருவருக்கும் அவரே டீ போட்டுக் கொடுப்பார். குடித்துவிட்டு அவர்கள் வரிசையாகக் குறை சொல்லுவார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். டீ மட்டும் கடைசி வரைக்கும் தேறவில்லை.

பிறகு அந்தத் திட்டம் முடிந்தது. துரை வேறு நாட்டுக்குப் போனார், நான் தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டியைப் பெண்களே தவணையில் வாங்கி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து அந்த ஊர்க் கோவில் திருவிழாவுக்குப் போனபோது அக்கா வீட்டுக்கும் போனேன். நாற்காலி போட்டார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"நல்லாருக்கு டீச்சர்" என்றார்.

அவர் வாசலில், அவர் கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அந்த வார்த்தையை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், சனிக்கிழமை விற்று முடித்துவிட்டு நாசரேத்துக்கு என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எதற்குக் கூப்பிடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னபடியே வந்தார். குட்டியானை என் வீட்டு வாசலில் வந்து நின்றதும் தெரு முழுக்க மீன் வாசம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அக்காவும் நாத்தனாரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். அக்கா கடைசி வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"காப்பியில சிக்கரி கூடிப்போச்சு" என்றார்.

எனக்கு நெஞ்சு லேசானது. வண்டி எப்படி என்று கேட்டேன். பின்கதவு சரியாக அடைக்க மாட்டேன் என்கிறதாம். டிரைவர் பயல் போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறானாம். மழை பெய்தால் தார்ப்பாய் ஒழுகுகிறதாம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஜன்னல் வழியாக வெளியே பார்த்து நிறுத்தினார். நாத்தனார் முற்றத்தில் என் முருங்கை மரத்தடியில் நின்று, காய் பறிக்கலாமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டை இல்லை.

"ஆனா டீச்சர், வண்டி நல்லாருக்கு" என்றார் அக்கா.

என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார்.